மத வலதுசாரிகள், தன்பாலீர்ப்பாளர் உரிமை, அமெரிக்க நாளிதழ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'மத வலதுசாரி' என்று அமெரிக்க நாளிதழ்கள் யாரைக் குறிப்பிடுகின்றன?

பெரும்பாலும், பழமைவாதக் கிறிஸ்தவ நம்பிக்கையோடு அரசியலில் இறங்கிய சில அமைப்புகளையும் அவற்றின் ஆதரவாளர்களையுமே குறிப்பிடுகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி', தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் 1989இல் தொடங்கிய 'கிறிஸ்டியன் கோயலிஷன்', உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சனின் 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (பைபிளின் அதிகாரத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டண்டுகள்) அனைவரும் இவற்றின் உறுப்பினர்கள் அல்லர். கறுப்பினச் சபைகள் பலவற்றில் திருமணம் பற்றிய கருத்து பழமையானது. ஆனால் வாக்கு பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே போகிறது. கத்தோலிக்க ஆயர்களின் நிலைப்பாடும் மார்மன் சபையின் நிலைப்பாடும் வேறு வேறு வழிகளில் உருவானவை. செய்தி எழுதுகிறவருக்கு மாலைக்குள் ஒரு மேற்கோள் வேண்டும். அமைப்புகளிடம் அதற்கென்றே ஒரு செய்தித் தொடர்பாளர் இருக்கிறார். அவர் சொன்னது அத்தனை விசுவாசிகளின் குரலாக மறுநாள் அச்சாகிவிடுகிறது. தன்பாலீர்ப்பாளர்கள் பக்கமும் இதே கதைதான். நாளிதழ்கள் செய்ததாகக் கீழே வரும் பல தவறுகளுக்கு வேர் இதுதான் என்பது என் கணிப்பு.

1970களுக்கு முன் நாளிதழ்கள் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எழுதினவா?

எழுதின, ஆனால் அவர்களைப் போலீஸ் செய்தியாகவோ மருத்துவச் செய்தியாகவோதான் பார்த்தன. 1963 டிசம்பர் 17 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' தன் முதல் பக்கத்திலேயே, நகரில் தன்பாலீர்ப்பு வெளிப்படையாகப் பெருகுவது பரவலான கவலையை உண்டாக்கியிருப்பதாகத் தலைப்பிட்டது. 1969 ஜூன் இறுதியில், நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுவிடுதியான ஸ்டோன்வாலில் போலீசார் சோதனையிட்டபோது எழுந்த எதிர்ப்பை அதே நாளிதழ், போலீசார் நால்வர் காயமடைந்ததைத் தலைப்பாக்கி, உள்பக்கச் செய்தியாகப் போட்டது. 'டெய்லி நியூஸ்' அடுத்த வாரம் அங்கிருந்தவர்களை ராணித் தேனீக்கள் என்று எள்ளி நகையாடியது. அக்காலச் செய்திகளில் மதத்துக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. கண்டிக்கும் வேலையை நாளிதழ்களே செய்துகொண்டிருந்தபோது போதகரிடம் கருத்துக் கேட்கத் தேவை எழவில்லை போலும்.

மத அமைப்புகளுக்கும் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்துக்கும் இடையிலான மோதல் முதல் பக்கத்துக்கு எப்போது வந்தது?

1977இல், மயாமி நகரம் அடங்கிய டேட் கவுன்ட்டியில். வேலை, வாடகை வீடு, பொது இடங்கள் ஆகியவற்றில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் உள்ளூர்ச் சட்டம் ஒன்று அந்த ஆண்டு ஜனவரியில் நிறைவேறியது. ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களால் வீட்டுக்கு வீடு அறியப்பட்ட பாடகி அனிதா பிரயண்ட், 'குழந்தைகளைக் காப்போம்' என்ற பெயரில் அதற்கு எதிராக இயக்கம் தொடங்கினார். ஜூன் 7 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் சட்டத்தை நீக்க வாக்களித்தனர்.

நாளிதழ்களுக்கு இது எல்லாம் அமைந்த செய்தியாக இருந்தது: புகழ்பெற்ற பெண்மணி, பாட்டு, பைபிள், வாக்கெடுப்பு. அக்டோபரில் டி மாயின் நகரில் செய்தியாளர் சந்திப்பின் நடுவே அவர் முகத்தில் ஒருவர் பழப் பணியாரத்தை அப்பிய படம் உலகெங்கும் சுற்றியது. ஆனால் தன்பாலீர்ப்பாளர்களால் குழந்தைகளுக்கு ஆபத்து என்ற மையக் குற்றச்சாட்டு உண்மையா என்பதை ஆராய்ந்து எழுதியவர்கள் குறைவு. குற்றச்சாட்டை அவர் வாயால் சொல்லவைத்து, மறுப்பை எதிரணியின் வாயால் சொல்லவைத்து, அவ்வளவோடு நிருபர்கள் ஒதுங்கிக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களை ஆதரித்துப் பேசுவோரையும் அரசுப் பள்ளிகளில் பணியாற்றவிடாமல் தடுக்கும் 'பிரொபொசிஷன் 6' வாக்கெடுப்புக்கு வந்தது. அதைத் தோற்கடிக்க உதவிய எழுத்துகளுள் ஒன்று, பிற்பாடு மத வலதுசாரிகளின் துணையோடு அதிபரான ரொனால்டு ரீகன் 'லாஸ் ஏஞ்சலஸ் ஹெரால்டு எக்சாமினர்' இதழில் எழுதிய கட்டுரை. தன்பாலீர்ப்பு தட்டம்மை போலத் தொற்றும் நோயன்று என்று அதில் அவர் எழுதினார்.

எய்ட்ஸ் நோய் பரவிய ஆண்டுகளில் நாளிதழ்கள் எப்படி நடந்துகொண்டன?

'நியூயார்க் டைம்ஸ்' 1981 ஜூலை 3 அன்று, 41 தன்பாலீர்ப்பு ஆண்களிடம் அரிய புற்றுநோய் காணப்பட்டதாக உள்பக்கத்தில் எழுதியது. இந்நோய் அதன் முதல் பக்கத்தை எட்ட 1983 மே 25 வரை ஆயிற்று. இடையில், 1982 இலையுதிர் காலத்தில், சிகாகோ பகுதியில் நஞ்சு கலக்கப்பட்ட டைலனால் மாத்திரைகளால் 7 பேர் இறந்தபோது நாடெங்கும் நாளிதழ்கள் நாள்தோறும் எழுதின. அப்போது எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கை 600ஐத் தாண்டியிருந்தது. 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' மட்டும் வேறு வழியில் சென்றது. தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காத ராண்டி ஷில்ட்ஸ் என்ற நிருபரை 1981இல் அது பணியமர்த்தியது; அவர் தம் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு நோய்க்கே ஒதுக்கினார். 'நியூயார்க் போஸ்ட்' எழுதிய விதத்தை எதிர்த்து 1985இல் தொடங்கப்பட்டதுதான் 'கிளாட்' என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு.

மதத்தின் பக்கத்திலிருந்து நாளிதழ்கள் அதிகம் மேற்கோள் காட்டியது, இந்நோய் கடவுளின் தண்டனை என்ற ஃபால்வெலின் பேச்சை. அதே காலத்தில் வேறொரு இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர் செய்ததைப் புரிந்துகொள்ள அவை திணறின. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த சி. எவரெட் கூப், கருக்கலைப்பை எதிர்த்தவர். மத வலதுசாரிகளின் ஆதரவோடு பதவிக்கு வந்தவர். அவரது நியமனத்தைத் தாராளவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். 1986 அக்டோபரில் அவர் வெளியிட்ட எய்ட்ஸ் அறிக்கை பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும் என்றது. ஆணுறையின் பயனைப் பச்சையாகச் சொன்னது. கட்டாயப் பரிசோதனையால் பலனில்லை என்றது. 1988இல் எளிய நடையில் எழுதிய துண்டுப் பிரசுரத்தை நாட்டின் எல்லா வீடுகளுக்கும் அஞ்சலில் அனுப்பவைத்தார். முன்பு அவரைத் தாக்கிய தலையங்கங்கள் இப்போது புகழ்ந்தன. முன்பு ஆதரித்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தனர். கூப் மாறிவிட்டார் என்றே பலரும் எழுதினார்கள். நோயாளியைக் கைவிடக் கூடாது என்பதும் அவருடைய விசுவாசத்தின் பகுதியே என்று அவர் மீண்டும் மீண்டும் சொல்லியும், அந்தக் கோணத்தைத் தொட்ட செய்திகள் குறைவு.

'வாஷிங்டன் போஸ்ட்' திருத்தம் வெளியிட்ட அந்த வாக்கியம் எது?

இந்தத் துறையில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் ஒரு வாக்கியம் உண்டென்றால் அதுதான். 1993 ஜனவரியில் பதவியேற்ற அதிபர் பில் கிளின்டன், தன்பாலீர்ப்பாளர்கள் படையில் பணிபுரிய இருந்த தடையை நீக்கப்போவதாக அறிவித்திருந்தார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் போதகர்கள் கேட்டுக்கொண்டபடி, எதிர்ப்புத் தெரிவித்து வந்த அழைப்புகளால் நாடாளுமன்றத் தொலைபேசி இணைப்புகள் திணறின. பிப்ரவரி 1 அன்று இதைப் பற்றிய முதல் பக்கச் செய்தியில் 'போஸ்ட்' நிருபர், ஃபால்வெல், ராபர்ட்சன் போன்றோரைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், படிக்காதவர்கள், எளிதில் ஏவத்தக்கவர்கள் என்று எழுதினார். இதற்கு யாருடைய மேற்கோளும் இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. வானிலையைச் சொல்வது போல் போகிறபோக்கில் வந்த வரி அது.

மறுநாளே அந்தக் கூற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை என்று நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் வாசகர்கள் தங்கள் பட்டங்களையும் வருமானத்தையும் எழுதித் தொலைநகலில் அனுப்பத் தொடங்கியிருந்தனர். பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டதென்று தோன்றும் செய்திக்கெல்லாம் ஆதாரம் காட்டும் வழக்கமில்லை என்ற பொருளில் நிருபர் விளக்கம் சொன்னார். திருத்தத்தைவிட இந்த விளக்கமே அதிகம் சொல்லிவிடுகிறது. ஒப்புக்கொண்டவர்கள் யார்? அந்த வரி நிருபரின் மேசையிலிருந்து அச்சுக்குப் போகும் வரை அதைப் படித்த துணை ஆசிரியர்கள் எவருக்கும் அது உறுத்தவில்லை. ஞாயிறுதோறும் இவாஞ்சலிக்கல் சபைக்குப் போகிற ஒருவர் அவர்களிடையே இருந்திருந்தால் பேனா அங்கே நின்றிருக்கும்.

இதனால் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் லாபமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேச வேண்டியிருந்தது, யாரென்று தெரிந்ததும் வேலையை இழந்த படைவீரர்களைப் பற்றி. அந்த வாரம் பேச்செல்லாம் நாளிதழின் ஆணவத்தைப் பற்றியதாக மாறியது. மத ஒலிபரப்பாளர்கள் பல ஆண்டுகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தைக் காட்டியே, பிரதான ஊடகம் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம் என்று தம் நேயர்களுக்குச் சொல்லி வந்தனர். படைத்துறைத் தடையோ 'கேட்காதே, சொல்லாதே' என்ற புதிய உருவில் அந்த ஆண்டே சட்டமாகி, 2011 வரை நீடித்தது.

'சிறப்பு உரிமை' என்ற முழக்கத்தை நாளிதழ்கள் எப்படிக் கையாண்டன?

மிக மோசமாக. 1992 நவம்பரில் கொலராடோ மாநில வாக்காளர்கள் 53 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலான வாக்குகளால் 'இரண்டாம் திருத்தம்' என்ற மாநில அரசியல் சட்ட மாற்றத்தை ஏற்றனர். டென்வர், போல்டர், ஆஸ்பென் ஆகிய ஊர்களில் ஏற்கெனவே இருந்த பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை அது செல்லாததாக்கியது. இனி எந்த ஊரும் எந்த மாநில அமைப்பும் அப்படியொரு பாதுகாப்பைத் தரவும் கூடாது என்றது. இதை முன்வைத்த 'கொலராடோ ஃபார் ஃபேமிலி வேல்யூஸ்' அமைப்பின் முழக்கம், 'சிறப்பு உரிமை வேண்டாம்' என்பது. எவரையும் வெறுக்கவில்லை, மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைத்தான் மறுக்கிறோம் என்று அது கேட்பவருக்குப் பொருள்பட்டது.

அந்த ஊர்ச் சட்டங்களில் சலுகை எதுவும் இல்லை, இடஒதுக்கீடு இல்லை. பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வீடு தர மறுக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். எதிர்பாலீர்ப்பாளருக்கும் அதே பாதுகாப்பு இருந்தது. சட்டத்தை எடுத்துப் படித்தால் 10 நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. ஆனால் அன்றைய செய்திகளில் பெரும்பாலும், சிறப்பு உரிமை என்று ஒரு தரப்பும் சம உரிமை என்று மறு தரப்பும் சொல்வதாக இருந்ததே தவிர, எது சரி என்று நிருபர் தம் பொறுப்பில் சொல்லவில்லை. சொன்னால் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்ற அச்சம். 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தபோது, அது பறிக்கும் பாதுகாப்புகளில் சிறப்பு என்று சொல்லத்தக்கது எதையும் காணவில்லை என்று நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதினார்.

கொலராடோ வாக்களித்த அதே நாளில் ஓரிகன் மாநிலத்தில் வாக்கெடுப்புக்கு வந்த ஒன்பதாம் முன்மொழிவு தோற்றது. அதன் வாசகமே தன்பாலீர்ப்பை இயல்புக்கு மாறானது, தவறானது, வக்கிரமானது என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைக்கக் கோரியது. அங்கே நிருபருக்கு வேலை எளிது: வாசகத்தை அப்படியே அச்சிட்டால் போதும், வாசகர் தாமே முடிவுக்கு வருவார். கொலராடோவின் வாசகம் வக்கீல் நடையில், சாதுவாக இருந்தது. இரண்டு மாநிலங்களின் முடிவும் வேறுபட்டதற்கு வேறு காரணங்களும் உண்டுதான்; ஆனால் சாதுவான வாசகத்தின் விளைவை விளக்குவது நிருபரின் கடமை, அது அங்கே நடக்கவில்லை.

அப்படியானால் நாளிதழ்கள் தன்பாலீர்ப்பாளர் பக்கம் சாய்ந்துவிட்டன என்ற குற்றச்சாட்டு பொய்யா?

பொய்யன்று, காலம்தான் மாறுகிறது. 2004 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் வாசகர் பிரதிநிதி டேனியல் ஓக்ரென்ட், இது தாராளவாத நாளிதழா என்று கேட்டு, ஆமாம் என்று தாமே பதிலளித்தார். தன்பாலினத் திருமணம் பற்றிய செய்திகளையே முக்கிய உதாரணமாக அவர் எடுத்தார்: மகிழ்ச்சியான தம்பதிகள், வளரும் குழந்தைகள் என்று அடுக்கடுக்காக எழுதிய நாளிதழ், எதிர்ப்போரின் கவலைகளையோ இதன் சிக்கல்களையோ அதே அக்கறையோடு தொடவில்லை என்றார். 2013இல் உச்ச நீதிமன்றம் திருமண வழக்குகளை விசாரித்த வாரங்களில் வந்த 500 செய்திகளைப் பியூ ஆய்வு மையம் ஆராய்ந்தது. அவற்றில் 47 விழுக்காடு ஆதரவுக் கருத்துகள் மிகுந்தவை. 9 விழுக்காடு எதிர்ப்புக் கருத்துகள் மிகுந்தவை. 44 விழுக்காடு கலவையானவை. அப்போது மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரே ஆதரித்தனர்.

விகிதத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குவேன். எதிர்ப்போருக்கு எத்தனை வரி கிடைத்தது என்பதைவிட, கிடைத்த வரியில் அவர்களின் வலுவான வாதம் இடம்பெற்றதா, உரத்த வாதம் மட்டும் இடம்பெற்றதா என்பதே முக்கியம். 1998இல் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பு மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் இறுதிச் சடங்கில், தன்பாலீர்ப்பாளர்களைத் தூற்றும் பலகை ஏந்திநின்ற போதகர் ஃபிரெட் ஃபெல்ப்ஸின் சிறு கூட்டம், அளவுக்கு மீறிய இடம் பெற்றது. மற்ற பழமைவாதச் சபைகள் பலவும் அவரைக் கண்டித்தவை. இருந்தும் கண்ணில் பட்ட படம் அதுவே.

ஷெப்பர்டு கொலை அளவுக்கு மீறி எழுதப்பட்டது என்கிறார்களே?

1998 அக்டோபரில் வயோமிங் மாநிலத்தின் லாரமி நகரில் 21 வயது மாணவர் ஷெப்பர்டு தாக்கப்பட்டு வேலியில் கட்டிவைக்கப்பட்டு, சில நாள்களில் இறந்தார். அடுத்த ஆண்டு ஆர்கன்சா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், இணையராக வாழ்ந்த இரு ஆண்களால் கொல்லப்பட்டான். முதல் கொலைக்குப் பின் ஒரு மாதத்தில் 3,007 செய்திகள், இரண்டாவதற்கு 46 என்று, தாமே தன்பாலீர்ப்பாளரான எழுத்தாளர் ஆண்ட்ரூ சல்லிவன் 2001இல் கணக்குக் காட்டினார். முதலாவது சட்ட விவாதத்தைக் கிளப்பியது, மற்றது உள்ளூர்க் குற்றம் என்பது நாளிதழ்கள் தந்த விளக்கம். அது பாதி சரி. ஆனால் 46 என்ற எண்ணுக்கு அது மட்டுமே காரணம் என்று நம்புவது கடினம்; எழுதினால் அது தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராகத் தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற பயமும் இருந்தது. பயந்து விட்ட இடைவெளியை எதிர்த்தரப்பு இதழ்கள் நிரப்பின, தம் விருப்பப்படி.

ஜார்ஜ் புஷ் மீண்டும் அதிபரான 2004 தேர்தலைத் தீர்மானித்தது தன்பாலினத் திருமண எதிர்ப்பு வாக்குதானா?

தேர்தலுக்கு மறுநாள் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதின. 11 மாநிலங்களில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் முன்மொழிவுகள் ஒரே நாளில் வென்றன. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் நடத்திய கணிப்பில் 22 விழுக்காட்டினர் 'ஒழுக்க விழுமியங்கள்' என்ற விடையைத் தேர்ந்தனர். ஆனால் அது ஒரு பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வுசெய்யும் கேள்வி. இராக் போர் ஒரு விடையாகவும் பயங்கரவாதம் வேறொரு விடையாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. இரண்டையும் சேர்த்தால் 34 விழுக்காடு. 'ஒழுக்கம்' என்றால் திருமணம்தான் என்று எவரும் கேட்கப்படவில்லை.

தன்பாலீர்ப்பாளரான நிருபர் இதைப் பற்றி எழுதலாமா?

2004 மார்ச்சில் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்', அந்நகரில் அப்போது வழங்கப்பட்ட அனுமதியைப் பயன்படுத்தித் தம்முள் மணந்துகொண்ட ஒரு நிருபரையும் ஒரு புகைப்படக் கலைஞரையும், திருமணச் செய்திகளிலிருந்து விலக்கிவைத்தது. வழக்கின் முடிவால் அவர்களுக்கு நேரடிப் பாதிப்பு உண்டு என்பது காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை முழுவதுமாக நீட்டினால், திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டுமே என்று கற்பிக்கும் சபையில் உறுப்பினரான நிருபரையும் விலக்க வேண்டிவரும். வரி கட்டுகிறவரும் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுத முடியாமல் போகும். பிறப்பும் விசுவாசமும் தடையல்ல, இயக்கத்தில் பொறுப்பு வகிப்பதே தடை என்று கோடு கிழிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவருவது.

சொற்களைப் பற்றி இவ்வளவு சண்டை ஏன்?

தன்பாலீர்ப்பாளர்கள் தம்மைக் குறிக்க விரும்பும் 'கே' (gay) என்ற சொல்லை இயல்பாகப் பயன்படுத்த 'நியூயார்க் டைம்ஸ்' 1987 வரை அனுமதிக்கவில்லை. தன்பாலினத் திருமணச் செய்திகளில் திருமணம் என்ற சொல்லைச் சுற்றி, ஐயத்தைக் காட்ட இட்டுவந்த மேற்கோள் குறிகளை 'வாஷிங்டன் டைம்ஸ்' 2008இல்தான் எடுத்தது. அதே 2008இல், ஒரு மத அமைப்பின் செய்தித் தளம் 'கே' என்று வருமிடமெல்லாம் 'ஹோமோசெக்சுவல்' என்று தானாக மாறும்படி கணினியை அமைத்திருந்தது. ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே, டைசன் ஹோமோசெக்சுவல் ஆகிப் பந்தயத்தில் வென்றார்.

'மாறிவிட்டோம்' என்ற விளம்பரங்களை நாளிதழ்கள் வெளியிட்டது சரியா?

1998 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' உள்ளிட்ட பெரிய நாளிதழ்களில் மத அமைப்புகளின் கூட்டணி முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டது. தன்பாலீர்ப்பிலிருந்து விடுபட்டு மணமுடித்ததாகச் சொன்ன ஆன் பால்க் என்ற பெண்மணி முதல் விளம்பரத்தில் இருந்தார். விளம்பரம் என்பதால் அது கருத்துரிமை. ஆனால் அடுத்த வாரங்களில் 'மாற முடியுமா?' என்ற விவாதம் செய்திப் பக்கங்களுக்கும் பரவியபோது, தன்பாலீர்ப்பு நோயன்று என்ற மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு ஒரு தரப்பின் கருத்து என்ற அளவுக்குச் சுருங்கியது. அவருடைய கணவர் ஜான் பால்க் 2013இல் மன்னிப்புக் கேட்டு, மாற்றம் நிகழவில்லை என்று சொன்னார். மாற்றச் சிகிச்சை அமைப்புகளின் தாயகமான 'எக்சோடஸ் இன்டர்நேஷனல்' அதே ஆண்டு தன்னைக் கலைத்துக்கொண்டது. விளம்பரங்கள் வந்த அளவுக்குப் பெரிதாக இந்தச் செய்திகள் வரவில்லை.

தன்பாலீர்ப்பாளராகவும் விசுவாசியாகவும் இருப்பவர்கள் செய்திகளில் எங்கே?

அரிதாகவே தென்படுகிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கென டிராய் பெர்ரி 1968இல் லாஸ் ஏஞ்சலசில் தொடங்கிய 'மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்' ஸ்டோன்வாலுக்கே மூத்தது. 2003இல் நியூ ஹாம்ப்ஷயரில், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காத ஜீன் ராபின்சன் எபிஸ்கோபல் சபையின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதுதான் பெரிய நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின; அதுவும் சபை பிளவுபடுமா என்ற கேள்வியோடு. ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் போராளி என்ற அமைப்பில் இவர்களை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று ஆசிரியர் குழுக்களுக்குத் தெரியவில்லை.

திருமணத்தை எதிர்க்கும் வாசகர் கடிதங்களை நாளிதழ் மறுக்கலாமா?

சட்டப்படி மறுக்கலாம், எதை வெளியிடுவது என்பது ஆசிரியரின் உரிமை. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரித்த அன்றே, பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகர 'பேட்ரியாட் நியூஸ்', இனவெறிக் கடிதங்களை வெளியிடாதது போலவே இதை எதிர்க்கும் கடிதங்களையும் இனி வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த முடிவைத் தளர்த்திக்கொண்டது. அது பின்வாங்கியது நல்லதென்றே நினைக்கிறேன். இழிவுபடுத்தும் கடிதத்தைக் குப்பைக்கு அனுப்ப ஏற்கெனவே விதி இருக்கிறது. நீதிமன்றம் செய்தது சரியா, மாநிலங்களிடம் விட்டிருக்க வேண்டுமா என்று வாதிடும் கடிதம் வேறு வகை. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் அன்று அந்தத் தீர்ப்புக்கு எதிராகவே எழுதியிருந்தனர்.